இரண்டாவது டின்

கெல்வினுக்கு வேலை போன காலையில், சுரங்க வாசலில் அவனுக்கு இரண்டு ஆள் பின்னால் நான் நின்றிருந்தேன். மணி ஐந்தரை. காவலுக்கு இருக்கும் பெண், மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை நீட்டுவாள். அதன் புனலுக்கு நேராக வாயை வைத்து ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ண வேண்டும். பூஜ்யம் வந்தால் உள்ளே போகலாம். பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் ஓரத்தில் இருக்கிற தகர அறையில் போய் உட்கார வேண்டியதுதான். கெல்வின் உற்சாகமாகத்தான் எண்ணினான். ஏழு வரை போனதும் கருவி கத்தியது.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். அந்தக் கணக்கு என்னுடையது.

என் பெயர் மெர்வ். வயது அறுபத்து மூன்று. இதே சுரங்கத்தின் பட்டறையில் இருபத்தாறு வருடமாக ஃபிட்டர் வேலை. குயின்ஸ்லாந்தின் நிலக்கரிப் பக்கத்தில் எங்கள் ஊரைப் போல இன்னும் ஏழெட்டு ஊர் உண்டு. ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாட்களில் மனிதன் என்னதான் செய்வான்? மீன் பிடிக்கலாம் என்றால் ஆற்றில் தண்ணீர் இல்லை. எனவே எங்கள் குழுவில் பாதிப் பேர் கொட்டகையில் டிரம் வைத்து பியர் காய்ச்சினோம். கடையில் விற்கும் மால்ட் பாகு டின் ஒன்று, ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை, இருபத்து மூன்று லிட்டர் தண்ணீர், டின் மூடிக்கு அடியில் ஒட்டிவைத்திருக்கும் ஈஸ்ட், அவ்வளவுதான் விஷயம். தானியத்தை அரைத்து, கொதிக்கவைத்து, ஒரு நாள் முழுக்க வியர்த்து வடிகிற பெரிய மனிதர்கள் சிலரும் ஊரில் உண்டு. டின்காரர்களான எங்களைப் பார்த்தால் அவர்களுக்கு இளக்காரம். அவர்கள் பியரை நான் குடித்திருக்கிறேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

அந்த இளக்காரத்துக்குப் பதில் சொல்லத்தான் ஷீட் போட ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். எக்செல்லில் ஒரு பக்கம். எந்த டின், எவ்வளவு சர்க்கரை, எத்தனை லிட்டர் என்று மேலே நிரப்பினால் கசப்பு, நிறம், போதை விழுக்காடு எல்லாம் கீழே வந்துவிடும். கடையில் கிடைக்கும் முப்பத்தெட்டு வகை டின்னையும் அதில் ஏற்றினேன். வலது மூலையில் பொடி எழுத்தில் என் பெயர். குழுவில் ஒன்பது பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள். பியரின் அடர்த்தியைப் பார்த்துப் போதை எவ்வளவு ஏறும் என்று கணக்கிடுகிற கண்ணாடி மிதவை ஒன்று உண்டு. எல்லோர் வீட்டிலும் அது உடையும், மறுபடி வாங்குவார்கள். ஷீட் வந்த பிறகு யாரும் மறுபடி வாங்கவில்லை. அதான் மெர்வ் கணக்கு இருக்கிறதே என்றார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

கடைசிப் பத்தி அவர்கள் கேட்டு வாங்கியது. கடை பியர் என்றால் பாட்டிலிலேயே எத்தனை அளவு மது என்று அச்சிட்டிருக்கும், பத்து கிராம் மது ஒரு அளவு. நம் பாட்டிலில் யார் அச்சிடுவது? ஆக, முக்கால் லிட்டர் பாட்டில் எத்தனை குடித்தாய், எத்தனை மணிக்கு நிறுத்தினாய் என்று போட்டால் வாசலில் எத்தனை மணிக்குப் பூஜ்யம் வரும் என்று சொல்கிற பத்தி. அதற்கு 'வாசல்' என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரு அளவுக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவது முட்டாள்தனம், ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்று வருடத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து எங்களுக்கு வகுப்பு எடுப்பாள். அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவன் நான்தான். குழுவின் பாதுகாப்புப் பிரதிநிதியாக ஆட்கள் ஓட்டுப் போட்டு என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கெல்வின் அந்தப் பத்தியை நம்பியதைப் போல வேறு யாரும் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் வாசலில் ஊதி மாட்டிக்கொண்டான். இன்னொரு முறை மாட்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீடும் கம்பெனி வீடு. அதன் பிறகு அவன் கடை பியரைக்கூடத் தொடவில்லை. ஷீட்டில் கணக்கிருக்கிற தன் பியர், ஷீட் சொல்கிற எண்ணிக்கை, அதோடு சரி. அவன் மனைவி ராஸ்லின் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், கறாரான பெண். ஷீட்டை அச்செடுத்துக் கொட்டகைக் குளிர்பெட்டியில் ஒட்டியதே அவள்தான்.

வாசலில் மாட்டிய மூன்றாம் நாள் மத்தியானம் கெல்வின் என் கொட்டகைக்கு வந்தான். நான் வேலை விட்டு வந்து பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். கவிழ்த்து வைத்த பெட்டி மேல் உட்கார்ந்தான். கடிதம் வந்துவிட்டது, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். யூனியன்காரர் வந்து பேசினாராம். நியாயம் கேட்டு மனுப் போட இருபத்தொரு நாள் இருக்கிறது, தெரிந்தே குடித்துவிட்டு வரவில்லை, ஏதோ தவறான தகவலை நம்பி வந்தாய் என்று காட்ட முடிந்தால் வேலை திரும்பக் கிடைக்க வழியுண்டு என்றாராம்.

"நான் ஷீட்டைப் பத்தி அவர்கிட்ட மூச்சு விடல," என்றான் கெல்வின். "உன் பேரு அதுல இருக்கு. பாதுகாப்பு ஆளே இப்படி ஒரு ஷீட்டு போட்டுக் குடுத்தான்னு தெரிஞ்சா உன்னையும் சேத்துல்ல அனுப்பிருவாங்க."

அப்போது எனக்கு நெஞ்சில் குறுகுறுப்பு ஒன்றும் இல்லை. ஷீட்டில் தப்பு இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவன் ஆறேழு பாட்டில் குடித்துவிட்டு நாலு என்கிறான் என்றுதான் நினைத்தேன். குடிக்கிறவன் எண்ணிக்கை எல்லாம் அப்படித்தானே. எத்தனை குடித்தாய், உண்மையைச் சொல் என்று அதட்டினேன்.

"நாலு. ஆறு மணிக்கு மூடி வச்சுட்டேன். ராஸும் பாத்தா. ஷீட்டு காலையில நாலரைக்குச் சுத்தம்னு சொல்லுச்சு. ஒரு மணி நேரம் மிச்சம்." பெட்டியின் ஓரத்தை நகத்தால் கீறினான். பிறகு, "இல்லைன்னா அஞ்சாறு குடிச்சிருப்பேனோ என்னவோ. உன் கணக்கு தப்பாது மெர்வ். அப்ப நான்தான தப்பு," என்றான்.

நான் அவனை மறுக்கவில்லை. தோளில் தட்டி, கொஞ்ச நாள் குடியை விட்டுப் பார் என்று புத்தி வேறு சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் ரொட்டிக் கடையில் ராஸ்லினைப் பார்த்தபோது, நாலுதான் என்று அவளும் நினைத்திருந்ததாகவும், இப்போது அவளுக்கே தெரியவில்லை என்றும் சொன்னாள். கொட்டகைக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் குடித்திருப்பான் என்று குப்பைத் தொட்டியைக் கிளறிப் பார்த்தாளாம். புருஷன்மீது சந்தேகப்பட்டுக் குப்பையைக் கிளறியதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கேட்டு நான் பெருமூச்சு விட்டேன், பெரிய மனிதன்போல.

எட்டாம் நாள், வேலை ஓய்வு வாரத்தின் முதல் மத்தியானம், நானே இரண்டு டின் பியர் போட்டேன். கறுப்பு பியர் கெட்டியாக வேண்டுமென்றால் ஒரே டிரம்மில் இரண்டு டின் ஊற்றுவோம். மழைக்காலத்துக்கு முன்பே ஒருநாள், இதற்கும் ஷீட்டில் இடம் வேண்டும் என்று கேட்டவன் கெல்வின்தான். கேட்ட அன்றே 'இரண்டாவது டின்' என்று ஒரு வரிசையைச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன். கசப்பு ஏறியது, நிறம் கறுத்தது, திருப்தியாகிவிட்டேன். அதில் முதலில் காய்ச்சியவனும் கெல்வின்தான். வாசலில் மாட்டிய அன்றைக்கு முந்தின நாள் அவன் குடித்தது அந்தக் கறுப்பு பியரை.

அன்றைக்கு என்னிடம் புது மிதவை இருந்தது. என் தங்கை பிறந்தநாளுக்கு மக்காய் நகரத்திலிருந்து அனுப்பியது. கையில் இருக்கிறதே என்றுதான் டிரம்மிலிருந்து கொஞ்சம் பிடித்து மிதக்கவிட்டேன். ஆயிரத்து அறுபத்தொன்று காட்டியது. ஷீட் சொன்னது ஆயிரத்து முப்பத்தொன்பது. தங்கை மட்டமான சரக்கை அனுப்பிவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே மிதவையைக் குழாய்த் தண்ணீரில் போட்டேன். தண்ணீரில் ஆயிரம் காட்ட வேண்டும். இம்மி பிசகாமல் ஆயிரம்தான் காட்டியது.

கை துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். சர்க்கரையை எல்லாம் கூட்டுகிற கட்டத்தைத் தொட்டதும், எந்தெந்த வரிசையைக் கூட்டுகிறது என்று நீலக் கோடு போட்டுக் காட்டியது. முதல் டின், டெக்ஸ்ட்ரோஸ், உலர்ந்த மால்ட். அதோடு கோடு முடிந்துவிட்டது. இரண்டாவது டின் கோட்டுக்கு வெளியே அநாதையாகக் கிடந்தது. கசப்பும் நிறமும் தனித்தனிக் கணக்கு, அவற்றில் மட்டும் சேர்த்திருந்தேன். போதையில் சேர்க்கவில்லை. வரிசையைச் சேர்த்தவன் கூட்டலை இழுத்துவிட மறந்திருக்கிறேன். அவ்வளவு சின்னத் தப்பு. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற நேரத்தில் சரிசெய்துவிடலாம். செய்தேன். போதை விழுக்காடு நாலு புள்ளி நாலு என்றிருந்தது ஆறு புள்ளி ஏழு ஆயிற்று. கெல்வினின் நாலு பாட்டிலையும் ஆறு மணியையும் போட்டுப் பார்த்தேன். 'வாசல்' காலை பத்து என்றது.

அவன் நாலுதான் குடித்திருக்கிறான். ஒரு சொட்டுக்கூடப் பொய் சொல்லவில்லை.

அந்த நிமிடமே எழுந்து போயிருக்க வேண்டும். அவன் வீடு இரண்டு தெரு தள்ளி. நான் செய்தது வேறு. சரிசெய்த ஷீட்டை மற்ற எட்டுப் பேருக்கும் அனுப்பினேன், அவர்களாவது மாட்டாமல் இருக்கட்டும் என்று. நிறக் கணக்கில் சின்னத் திருத்தம், பழையதை அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். கெல்வினின் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். அவன்தான் குடியை விட்டுவிட்டானே, அவனுக்கு எதற்கு ஷீட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதனுக்குக் காரணமா கிடைக்காது?

காரணங்கள் ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தன. நான் போய்ச் சொன்னால் என் வேலையும் போகும், அவன் வேலை திரும்பி வரும் என்று என்ன உத்தரவாதம்? ஓய்வு பெற எனக்கு ஒன்றரை வருடம்தான். இருபத்தாறு வருடம் ஒரு கரும்புள்ளி இல்லாமல் இருந்தவன், ஊருக்கே குடித்துவிட்டு வேலைக்கு வரக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் என்று பெயரெடுத்துப் போக வேண்டுமா? இதெல்லாம் போதாதென்று, குடியை விட்டது அவனுக்கு நல்லதுதானே, உண்மையைச் சொன்னால் மறுபடி ஆரம்பித்துவிடுவான் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றிய அன்று என்மீது எனக்கே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனாலும் போகவில்லை.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் பாதுகாப்புக் கூட்டம். அந்த வாரத் தலைப்பு மது. மேலாளர் கெல்வின் பெயரைச் சொல்லாமல், அண்மையில் நடந்த ஒரு சம்பவம் என்று ஆரம்பித்துவிட்டு, பிரதிநிதி இரண்டு வார்த்தை பேசட்டும் என்று என் பக்கம் கையைக் காட்டினார். எழுந்து பேசினேன். ஒருவன் ஏமாற்றுவது தன்னை மட்டுமில்லை, பக்கத்தில் வேலை செய்கிறவனையும்தான் என்றேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள். எதிரே உட்கார்ந்திருந்த டோபின் மட்டும் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். டோபின் லாரி ஓட்டுகிறவன், கெல்வினோடு பள்ளியில் படித்தவன், என் ஷீட் வைத்திருந்தவர்களில் ஒருவன். அவன் பார்வைக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

கெல்வின் இந்த நாட்களில் என் பக்கம் வரவில்லை. வேலை முடிந்து பேருந்தில் இறங்கி வீட்டுக்குப் போக அவன் வீட்டைத் தாண்ட வேண்டும். அவன் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்குவான். நானும் தூக்குவேன். இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாளிலிருந்து பூங்கா வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். அவன் வெட்கப்பட்டுத்தான் என்னைத் தேடி வரவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

இருபத்தொன்றாம் நாள் கழிந்தது. அன்றைக்கு நான் தூங்கினேன், ரொம்ப நாளைக்கப்புறம். இனிமேல் மனுப் போட முடியாது. இனிமேல் நான் சொன்னால் யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதில்லை. அதனால்தான் இருபத்திரண்டாம் நாள் காலையில் போனேன். இதில் எனக்குப் பூசி மெழுக ஒன்றும் இல்லை. சொல்வதால் நஷ்டம் வராது என்று தெரிந்த பிறகுதான் என் மனசாட்சிக்குக் கால் முளைத்தது.

அவர்கள் ராக்ஹாம்ப்டன் நகரத்தில் ராஸ்லினின் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குப் பின்னால் டிரெய்லரில் மெத்தை, மேசை, சலவை இயந்திரம். கெல்வின் எல்லாவற்றுக்கும் மேலே பட்டை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். மூன்று வாரத்தில் முகம் வற்றிப்போயிருந்தது. என்னைப் பார்த்து, வா என்றான். இறுக்குவதை நிறுத்தவில்லை.

டிரெய்லரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இரண்டாவது டின் கூட்டலில் சேரவில்லை, அந்த பியர் ஆறு புள்ளி ஏழு, நீ நாலுதான் குடித்தாய், தப்பு என்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவன் என்னைத் திட்டுவான் என்றோ கட்டிக்கொள்வான் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டில் எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

அவன் பட்டையை ஒருமுறை சுண்டிப் பார்த்தான். "எப்ப கண்டுபுடிச்ச?"

"நேத்து," என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று சொல்ல ஆசைதான். தானாகச் சொல்லவில்லை. வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

ராஸ்லின் கையில் ஒரு பூந்தொட்டியோடு படியில் நின்றிருந்தாள். அவள் எப்போது வெளியே வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. தொட்டியைப் படியிலேயே வைத்தாள்.

"நேத்தா? டோபின் உங்க புது ஷீட்டைக் கொண்டாந்து குடுத்து பன்னெண்டு நாளாச்சு, மெர்வ். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டோம். அன்னைலேருந்து இந்த மனுஷன் மத்தியானமானா நாக்காலியப் போட்டு உக்காந்துருவாரு, மெர்வ் வருவாரு, மெர்வ் வருவாருன்னு. மனுப் போடுங்க, ஷீட்டைக் காட்டுங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். மெர்வ் தானா வந்து சரின்னு சொன்னாத்தான் காட்டுவேன், அவர் சொல்லாம அவர் பேரை நான் இழுக்க மாட்டேன்னுட்டாரு. நேத்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அங்கதான் உக்காந்திருந்தாரு. நீங்க பூங்கா வழியாப் போனீங்க."

"விடு ராஸ்," என்றான் கெல்வின்.

அவள் விட்டுவிட்டாள். தொட்டியை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் போய்விட்டாள். டிரெய்லரை விட்டுக் கையை எடுக்கத் தெரியாமல் நின்றேன். இந்தப் பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு நாளும் அவன் எனக்கு ஒரு மத்தியானம் கொடுத்திருக்கிறான். நான் ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். தன் வேலையையும் வீட்டையும் விட்டுக்கொடுத்து, இவ்வளவு நாளும் அவன் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்னைத்தான்.

கெல்வின் சுற்றி வந்து, என் கையிருந்த இடத்தில் கடைசிப் பட்டையை மாட்டினான். அதற்காக என் கையை மெதுவாக எடுத்து அப்பால் வைத்தான், சின்னக் குழந்தையின் கையை எடுத்து வைக்கிற மாதிரி. கோபம் இருக்கிறதா என்று அவன் முகத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்திருக்கும்.

"நேத்துன்னே வச்சுக்குவோம், மெர்வ்," என்றான்.

நான் சரி என்று தலையாட்டினேன்.